களிமண்ணில் வேலிக்கால் சாயாமல் நிற்க

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் தோட்டம் இருக்கிறது. ஆடு மாடு தொல்லை தாங்கவில்லை, கம்பிவலை போடலாம் என்றிருக்கிறேன். வேலி போடுபவர் சிமெண்ட் போஸ்ட் போதும் என்கிறார். மைத்துனர் இரும்பு ஆங்கிள்தான் நிற்கும் என்கிறார். பக்கத்து வீட்டு சிமெண்ட் போஸ்ட்டோ இரண்டே மழையில் சாய்ந்துவிட்டது. எதை வாங்குவது? கூட என்னென்ன சாமான் வேண்டும்?

பதில்: சிமெண்ட் போஸ்ட்டே வாங்குங்கள். உங்கள் பக்கம் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கிடக்கும். கடல் பக்கம் போகப் போகத் தண்ணீரில் உப்பும் சேரும். ஆங்கிள் முதலில் அரிப்பது தரைமட்டத்தில்தான், ஈரமும் காற்றும் சேர்ந்து படுகிற அந்த நான்கு விரல் இடத்தில். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே அப்பளமாக உதிரும். கருங்கல் கால் இரண்டையும்விட நல்லது. ஆனால் டெல்டாவில் மலை ஏது? லாரி வாடகை கல் விலையைத் தாண்டிவிடும்.

பக்கத்து வீட்டில் சாய்ந்ததற்குப் பெரும்பாலும் போஸ்ட் காரணமாக இருக்காது. குழி ஆழம் போதாது, இல்லையென்றால் மூலைக்கு முட்டு கொடுக்கவில்லை. வலையை இறுக்கி இழுக்கும்போது பாரம் முழுவதும் மூலைக்காலுக்கும் கேட் காலுக்கும்தான் போகிறது. நடுவில் இருப்பவை வலையைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி. அதனால் மூலைக்கு இரண்டு முட்டு, வலை போகும் இரண்டு திசையிலும் ஒவ்வொன்று. நேர் வரிசையில் பத்து காலுக்கு ஒன்றுக்கு இரு பக்கமும் முட்டு. 7 அடி போஸ்ட்டுக்கு 2 அடி மண்ணுக்குள் போகட்டும், மூலையில் இரண்டரை அடி. குழியின் வாய் குறுகியும் அடிப்பக்கம் அகலமாகவும் இருக்கட்டும். தோண்டிய களியையே திரும்பத் தள்ளி மிதிக்க விடாதீர்கள். கோடையில் அது வெடித்து விலகும், மழையில் குழம்பும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் போட்டு, மேல்பகுதியைத் தரைக்குச் சற்று மேலே சரிவாகப் பூசச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ‘அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த ‘எல்லாம்’ என்பதற்குள்தான் அத்தனை தில்லுமுல்லும். உங்கள் இடம் சதுரம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ 530 அடி. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 66 போஸ்ட், 10 அடிக்கு ஒன்று என்றால் 53. பதின்மூன்று போஸ்ட் அவருக்கு மிச்சம், அடிக் கணக்கில் உங்கள் பணம் அதேதான். வலையிலும் இப்படித்தான். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்: 12 கேஜ் சுமார் 2.6 மில்லிமீட்டர், 14 கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர். 12 என்று சொல்லி 14 இறங்கும். பச்சை பிளாஸ்டிக் பூச்சு போட்டது என்றால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ‘ஜி.ஐ. கம்பி சார்’, அதாவது துத்தநாகம் பூசியது, என்பதும் ஒரு பதில் இல்லை. அந்தப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடை.

போஸ்ட் வாங்கும் இடத்தில் ஒன்றுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து, உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். உள்ளே நான்கு கம்பி இருக்கிறதா, அது மேல்தோலை ஒட்டிக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டிக் கிடந்தால் உப்புத் தண்ணீர் சீக்கிரம் கம்பியைப் பிடிக்கும், போஸ்ட் நெடுக வெடிக்கும். நேற்று வார்த்து இன்று வண்டியில் ஏற்றுகிறார்கள். வார்த்து 28 நாள் ஆனதைக் கேளுங்கள்.

சாமான்கள் அதிகமில்லை. மேல், நடு, கீழ் என மூன்று வரிசைக்கு 10 கேஜ் லைன் கம்பி, அதை முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள், வலையின் முனையில் செருகும் கம்பி, ஜி.ஐ. கட்டுக்கம்பி (கொத்தனார் வைத்திருக்கும் கறுப்புக் கம்பி கூடாது). உச்சியில் முள்கம்பி உங்கள் விருப்பம்.

வாய்க்கால் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் ஏதாவது ஓர் எல்லையில் வாய்க்கால் இருக்கத்தான் செய்யும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மேலே சொன்னது பொருந்தாது. கரை பெரும்பாலும் புறம்போக்கு. அதில் காலை நட்டால், மேட்டூர் ஜூன் 12 திறப்புக்கு முன் தூர்வார வரும் பொக்லைன் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும், கேட்க வழியில்லை. சொந்த நிலமாகவே இருந்தாலும் விளிம்பு மண் தண்ணீர் ஓட ஓடச் சரியும். நாலு அடி உள்ளே தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் விட மனமில்லை என்றால், அந்தப் பக்கம் மட்டும் பூவரசம் போத்து நெருக்கமாக ஊன்றி உயிர்வேலி ஆக்கிவிடுங்கள். உப்பு ஈரத்துக்கு அது அசையாது.

அத்துக்கல் (எல்லைக்கல்) எங்கே என்று தெரியாமல் குழி வெட்டாதீர்கள். அளக்க இணையத்திலேயே மனு போடலாம், கட்டணமும் கட்டலாம். அப்புறம் சர்வேயர் வருவது அவர் பாடு! கட்டணம் வாங்கத் தெரிந்தவர்களுக்குத் தேதி கொடுக்கத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று ஓர் ஆள் முளைப்பார். அவரிடம் பட்டா நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள். மண்ணில் பதம் இருக்கும், தேங்கிய தண்ணீர் இருக்காது. கால் நட்டு ஏழு நாள் கழித்தே வலையை இழுக்க வேண்டும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பார். கூலியில் கால் பங்கை நிறுத்தி வைத்தால் எட்டாம் நாள் தானாக வருவார்.