இறங்கியதும் மலைக்கு: தனி வண்டி பதிவு செய்பவர்களின் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்குப் போக, விமான நிலையத்திலிருந்து தனி வண்டி பதிவு செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். சமவெளியில் டாக்ஸி பிடிப்பது போல இதை நினைத்துவிடக் கூடாது. அங்கே வண்டி வரவில்லை என்றால் அடுத்த வண்டி கிடைக்கும். மலையில் இரவு பத்து மணிக்கு மேல் அடுத்த வண்டி என்று ஒன்று இருக்காது.

கேள்வி: பதிவுப் படிவத்தில் ‘பிக்கப் நேரம்’ என்று கேட்கிறது. எங்கள் விமானம் மதியம் 2.10-க்கு இறங்குகிறது. அதையே போடுவதா, பெட்டி எடுத்து வெளியே வரும் நேரத்தைக் கணக்கிட்டு 3.15 என்று போடுவதா?

படிவம் விமான எண்ணையும் கேட்டால் 2.10 என்றே போடுங்கள். அந்த எண்ணை வைத்து நிறுவனம் உங்கள் விமானத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும். விமானம் தாமதமானால் ஓட்டுநரும் அதற்கேற்ப வருவார். நீங்களாக ஒரு மணி நேரம் கூட்டிப் போட்டால், வெளியே வர ஆகும் நேரம் என்று அவர்களும் தங்கள் பங்குக்குக் கூட்டுவார்கள். கடைசியில் காத்து நிற்பது நீங்கள்தான். விமான எண்ணைக் கேட்காமல் நேரத்தை மட்டும் கேட்கும் படிவமானால் 3.15 போட்டு, குறிப்புப் பகுதியில் விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் முதல் விமானத்தின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். தேவைப்படுவது கடைசியாக இறங்கும் விமானத்தின் எண். ஒரே விமானத்தின் டிக்கெட்டை இரண்டு நிறுவனங்கள் தங்கள் தங்கள் எண்ணில் விற்பதும் உண்டு. டிக்கெட்டில் ‘இயக்குவது’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் நிறுவனத்தின் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

நள்ளிரவு விமானங்களில் தேதியே காலை வாரிவிடும். 14-ஆம் தேதி இரவு கிளம்பி 00.20-க்கு இறங்கினால், நீங்கள் இறங்குவது 15-ஆம் தேதி. படிவத்தில் 14 என்று போட்டிருந்தால், ஓட்டுநர் ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருந்து, நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அந்தப் பணம் திரும்ப வராது.

இலவசக் காத்திருப்பு நேரத்தையும் கேட்டு வையுங்கள். பல நிறுவனங்கள் 45 முதல் 60 நிமிடம் வரை தருகின்றன. அது விமானம் உண்மையில் தரைதொட்ட நேரத்திலிருந்து ஓடுகிறதா, அட்டவணை நேரத்திலிருந்தா என்பதில்தான் வித்தியாசம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து நேராக ஜெனீவாவிலோ சூரிச்சிலோ இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை அங்கேதான். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய எல்லைப் பதிவு முறையால் அந்த வரிசை நீளக்கூடும். மாறாக, பிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ விமானம் மாறினால் பாஸ்போர்ட் சோதனை அங்கேயே முடிந்துவிடும். மலை விமான நிலையத்தில் பெட்டி வந்ததும் வெளியே வந்துவிடலாம்.

கேள்வி: இணைப்பு விமானம் தவறிப்போனால் நிறுவனத்துக்குத் தானாகத் தெரிந்துவிடுமா?

தெரியாது. அவர்கள் பார்ப்பது விமானத்தை மட்டும்தான். அதில் யார் ஏறினார்கள் என்பது அவர்கள் கண்ணுக்குப் படாது. நீங்கள் தவறவிட்ட விமானம் சரியான நேரத்தில் இறங்கும், ஓட்டுநர் பெயர்ப்பலகையுடன் நிற்பார், காத்திருப்பு நேரம் தீர்ந்ததும் கிளம்பிவிடுவார். எனவே வேறு விமானத்தில் இடம் கிடைத்தவுடன், இன்னும் அந்த விமான நிலையத்தில் இருக்கும்போதே, புதிய விமான எண்ணை அனுப்புங்கள். இணையதளத்தின் பொது எண்ணுக்கு மட்டும் சொன்னால் போதாது. வவுச்சரில் (பதிவை உறுதிசெய்து அனுப்பும் சீட்டு) வண்டியை உண்மையில் ஓட்டும் உள்ளூர் நிறுவனத்தின் பெயரும் அவசர எண்ணும் தனியாக இருக்கும். அதற்குச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் போன். பல விமான நிலையங்களில் இலவச வைஃபை பெற உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் ஒரு குறியீடு வரும். ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது, வைஃபையும் கிடைக்காது. கிளம்புமுன் ரோமிங்கைப் போட்டுவிட்டு, வவுச்சரைப் படமாகவும் போனில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். ‘எட்டு இருக்கை வேன்’ என்று பதிவு செய்தால் சரியாகத்தானே இருக்கும்?

ஆள் பிடிக்கும், பெட்டி பிடிக்காது. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டுநர் தவிர எட்டுப் பேர் வரைதான் ஏற்றலாம். அதனால் இந்த வேன்கள் அந்த எண்ணிக்கைக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. மூன்றாம் வரிசை இருக்கையைப் போட்டதும் அதன் பின்னால் மிஞ்சும் இடம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. மெர்சிடிஸ் வி-கிளாஸையே எடுத்துக்கொண்டால், அது 4.9, 5.14, 5.37 மீட்டர் என்று மூன்று நீளங்களில் வருகிறது. குட்டையானதற்கும் நீளமானதற்கும் உள்ள ஏறக்குறைய அரை மீட்டர் வித்தியாசத்தில் ஒரு பகுதி இருக்கைகளுக்கும், மற்றொரு பகுதி உங்கள் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கும் போகும். பின்கதவைத் திறந்தால், குட்டை வண்டியில் பெரிய பெட்டிகளை ஒரே வரிசையாக நெட்டுக்குத்தாக நிறுத்தலாம், அவ்வளவுதான். எட்டுப் பேருக்கு எட்டுப் பெரிய பெட்டி என்றால் கடைசி மூன்று வெளியே நிற்கும்.

படிவத்தில் ‘லக்கேஜ் 8’ என்று மட்டும் எழுதாமல் அளவையும் சேர்த்து எழுதுங்கள். தள்ளுவண்டி, மடக்கும் சக்கர நாற்காலி, பனிச்சறுக்குப் பலகைப் பை எல்லாம் தனித்தனி உருப்படி. சறுக்குப் பலகைப் பை 170 முதல் 190 செ.மீ. வரை இருக்கும், அதை இருக்கைகளுக்கு நடுவே நீட்டி வைத்தால் இரண்டு பேரின் கால் வைக்கும் இடம் போய்விடும். கூரைப் பெட்டி உள்ள வண்டி வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பெட்டிகளை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்புவது பத்து வரி விளக்கத்தைவிடப் பயன்படும். ஏழு பேருக்கு மேல் பெரிய பெட்டிகளோடு வந்தால் இரண்டு வண்டி எடுப்பதே நல்லது. மலை வளைவுகளில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு போவது, திடீர் பிரேக்கில், முன்னால் இருப்பவரின் கழுத்துக்கு ஆபத்து.

கேள்வி: 11 மாதக் குழந்தையும் 6 வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். ‘குழந்தை சீட் வேண்டும்’ என்று குறித்தால் போதுமா?

போதாது. ‘குழந்தை சீட்’ என்ற சொல்லை ஓட்டுநர் எப்படியும் புரிந்துகொள்ளலாம். வயது, எடை, உயரம் மூன்றையும் எழுதுங்கள்: ‘11 மாதம், 9 கிலோ, 74 செ.மீ.: பின்நோக்கிய சீட். 6 வயது, 20 கிலோ, 116 செ.மீ.: முதுகுப்பகுதி உள்ள பூஸ்டர்.’ பூஸ்டர் என்பது பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட். இவ்வளவு எழுதினால் தவறான சீட் வருவது அரிது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சுவிட்சர்லாந்தில் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம் ஆகும் வரை தகுந்த சீட் கட்டாயம். பிரான்ஸில் பொதுவாக 10 வயது வரை. ஆஸ்திரியாவில் 14 வயதுக்குட்பட்டு 135 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேண்டும். ஐரோப்பாவின் ஆர்129 தரத்தில் செய்த சீட்டில் 15 மாதம் நிறைவடையும் வரை குழந்தை பின்நோக்கித்தான் உட்கார வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மெதுவாகப் போகும் வண்டிதானே என்று தோன்றும். ஆனால் மோதும் கணத்தில் குழந்தையின் எடை பல மடங்காகிவிடும், எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

சீட்டைப் பொருத்துவது யார் வேலை என்பதையும் பதிவிலேயே கேளுங்கள். வந்ததும் நீங்களே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்: பொருத்திய இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது.

கேள்வி: பிப்ரவரியில் போகிறோம். பனியில் வண்டி ஓடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குளிர்கால டயர் போட்டிருக்கிறீர்களா? சக்கரச் சங்கிலி வண்டியில் இருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலை வரைந்து, அதற்குள் ஒரு பனித்துகள் இருந்தால் அதுதான் உண்மையான குளிர்கால டயர். வெறும் ‘எம்+எஸ்’ (சேறு, பனி) எழுத்து மட்டும் போதாது. அது பனிப் பரிசோதனையில் தேறியதற்கான அடையாளம் அல்ல. பிரான்ஸில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குறிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்ற விதி 2021-லிருந்து உள்ளது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலை பனியாக இருந்தால் குளிர்கால டயர் வேண்டும்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஏற்றத்தில் கிளம்ப உதவும். நிற்க உதவாது, நிறுத்துவது டயர்தான்.

பாதையையும் கேளுங்கள். போன் வரைபடம் காட்டும் வழி கோடைக்கால வழியாக இருக்கலாம். ஃபுர்கா கணவாய் குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். அங்கே ரெயால்ப்–ஓபர்வால்ட் இடையே வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கூர்மயூருக்குப் போகிறவர்களுக்கு 11.6 கி.மீ. நீளமுள்ள மோன் பிளான் சுரங்கம் நேர்வழி. சமீப ஆண்டுகளில் இலையுதிர்காலத்தில் பல வாரங்கள் தொடர்ந்து பராமரிப்புக்காக அதை மூடியிருக்கிறார்கள். அப்போது பெரிய செயிண்ட் பெர்னார்ட் சுரங்கம் வழியாகச் சுற்ற வேண்டும்; சொன்ன விலை அந்தச் சுற்றுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சனிக்கிழமை காலை ஊருக்குத் திரும்புகிறோம். எத்தனை மணிக்கு வண்டி வரச் சொல்வது?

பிரான்ஸின் மலை விடுதிகள் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகைக்கு விடுபவை. அன்று ஒரு கூட்டம் இறங்கும், இன்னொரு கூட்டம் ஏறும். பிப்ரவரி பள்ளி விடுமுறையில், மலை ஊர்களுக்கு ஏறும் வழியில் ஆல்பர்வில்லுக்கும் மூத்தியேருக்கும் இடையே சாலை அடைத்துக்கொள்ளும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன், அதற்கும் முன் சாதாரணப் பயண நேரம், அதற்கும் முன் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கூடுதல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வால் தீசேரிலிருந்து ஜெனீவாவுக்குச் சாதாரண நாளில் சுமார் மூன்று மணி நேரம். மாலை 4 மணி விமானத்துக்குக் காலை 8 மணிக்கே வண்டி நிற்க வேண்டும். மனசு வராதுதான், ஆனால் விடுதியில் காலைச் சாப்பாட்டை விடுவது விமானத்தை விடுவதைவிட மேல்.

கேள்வி: எங்கள் விடுதி செர்மாட்டில். வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாக விளம்பரத்தில் இருக்கிறது. உண்மையா?

இல்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் வெளி வண்டிகளை விடுவதில்லை. ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 12 நிமிட ரயிலில் மேலே போக வேண்டும். விலையைக் கேட்கும்போதே ‘டேஷ் வரையா?’ என்று கேளுங்கள். செர்மாட் என்று போட்டு விலை கூட்டுபவர்களும் உண்டு. வெங்கன், மியூரன், சாஸ்ஃபே, பிரான்ஸின் அவோரியாஸ் ஆகியவையும் வண்டி ஓடாத ஊர்கள்தான். இரவில் இறங்குபவர்கள் கடைசி ரயில் அல்லது கேபிள் கார் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு விமானத்தைப் பதிவு செய்யுங்கள்.

வண்டி போகும் ஊர்களிலும் முகவரி ஏமாற்றும். கூர்ஷெவெல் என்று மட்டும் எழுதினால் எந்தக் கூர்ஷெவெல்? 1300, 1550, 1650, 1850 என்ற உயர எண்களால் அழைக்கப்படும் நான்கு குடியிருப்புகள் அடுக்கடுக்காக அங்கே உண்டு. விடுதியின் முழுப் பெயர், அந்த உயர எண், வரைபடப் புள்ளி மூன்றையும் கொடுங்கள். கடைசி நூறு மீட்டர் படிக்கட்டா, வண்டி தூரத்திலேயே நிற்குமா என்று விடுதிக்காரரிடமே கேட்டுவிடலாம்.

கேள்வி: இன்ஸ்ப்ரூக்கில் இறங்க வேண்டிய விமானம் காற்றால் வேறிடம் போனால்?

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. தெற்கிலிருந்து அடிக்கும், ‘ஃபோன்’ (Föhn) எனப்படும் மலைக்காற்று பலமாக இருக்கும்போது விமானங்கள் மியூனிக் போன்ற இடங்களுக்குத் திருப்பப்படுவது உண்டு. அப்படியானால் பெரும்பாலும் விமான நிறுவனமே பஸ் ஏற்பாடு செய்யும். தனியாக டாக்ஸி பிடித்துக் கிளம்பிவிட்டு, ஏற்கெனவே பதிவு செய்த வண்டியை மறந்துவிடாதீர்கள். உடனே நிறுவனத்தை அழைத்து, மியூனிக்கில் எடுக்க முடியுமா, அல்லது பஸ் இன்ஸ்ப்ரூக் வந்ததும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொண்டால் அதையும் செய்தியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விலை முடிவான பிறகு வாட்ஸ்அப்பில் ‘கார்டு ஏற்கப்படவில்லை, இந்த இணைப்பில் மீண்டும் கட்டுங்கள்’ என்று வருகிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். முன்பு பதிவு செய்த இணையதளத்தில் உள்நுழைந்து பதிவின் நிலையைப் பாருங்கள். அங்கே ‘உறுதி’ என்று இருந்தால் அந்தச் செய்தி மோசடி. வருகை வாசலில் நின்று ‘டாக்ஸி வேண்டுமா’ என்று கேட்பவர்களோடும் போக வேண்டாம். அனுமதியில்லாத வண்டியில் விபத்து நடந்தால் பயணிக்கான காப்பீடு கிடைப்பது சந்தேகம். விலை வண்டிக்கா ஆளுக்கா, சாலை வரியும் சுரங்கக் கட்டணமும் அதில் அடக்கமா, இரவுக்கு மேல்தொகை உண்டா என்பவை வவுச்சரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜெனீவா விமான நிலையத்தில் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு. ஓட்டுநர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதும் அதே வவுச்சரில் இருக்கட்டும்.