நேர்கோட்டுக்கு ஷொக் கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா,

‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரை இப்பதான் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வாறன். தாதியப் பயிற்சியில் இருக்கிற தம்பி பக்கத்தில் இருந்தால் ஒரு காட்சியையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டான். “இதயத் துடிப்புக் காட்டுகிற திரையில் நேர்கோடு வந்தால் மின் ஷொக் கொடுக்கிறதில்லை அக்கா” என்கிறான். கதாநாயகன் டொக்டர் ஹவுஸ் தடி பிடிக்கிற கையே பிழையாம். மருத்துவம் அவ்வளவு பிழையா? அப்படி ஒரு கடுகடுப்பான டொக்டரை எங்கட ஆஸ்பத்திரியில் நினைத்துப் பார்க்க முடியுமா?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்பின் சகோதரிக்கு,

தம்பி சொன்ன இரண்டும் சரி. ஷொக், நின்ற இதயத்தை ஓட வைக்கும் சாவி அல்ல. தாறுமாறாக நடுங்கும் இதயத்தை ஒரு கணம் அமர்த்தி, அதன் சொந்தத் தாளம் திரும்ப வழிவிடுவதுதான் அதன் வேலை. கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போதும், நாடி பிடிபடாத வேகத்தில் அவை அடிக்கும்போதும் கொடுப்பார்கள். நேர்கோட்டில் அமர்த்துவதற்கு எதுவும் இல்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே வயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் போகும்.

அந்த நெஞ்சழுத்தலைத் திரையில் ஒழுங்காகக் காட்டவே முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். உயிருள்ள நடிகரில் செய்தால் விலா எலும்பு போய்விடும். அதனால் முழங்கையை மடித்துச் சும்மா தட்டுகிறார்கள். நிஜத்தில் முழங்கை நேராக இருக்க வேண்டும், தோள் கைக்கு நேர்மேலே வர வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடாவிட்டால் இதயத்துக்குள் இரத்தம் திரும்பாது. 2 நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். களைத்தவர் தனக்கே தெரியாமல் ஆழத்தைக் குறைத்துவிடுவார்.

1996இல் ஒரு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வு, மூன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இப்படி நெஞ்சழுத்தப்பட்டவர்களை எண்ணிப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்திருந்தார்கள். நிஜத்தில் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே இதயம் நின்றாலும் நாலுக்கு ஒருவர் வீடு திரும்பினால் பெரிய காரியம். ஐசியூ வாசலில் சொந்தக்காரர் டொக்டரோடு சண்டைக்குப் போவதில் இந்தத் தொடர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

தடி விஷயம் சின்னது. ஹவுஸுக்குப் பழுது வலக்கால், தடியும் வலக்கையில். பிசியோதெரபியில் எதிர்க்கையில் பிடிக்கத்தான் பழக்குவார்கள். பழுதான காலும் தடியும் ஒன்றாக முன்னே போனால்தான் பாரம் பிரியும்.

எனக்கு இவற்றைவிட உறுத்துவது வேறு. ஹவுஸுக்குக் கீழே வேலை செய்யும் டொக்டர்களில் போர்மன் நரம்பியல், சேஸ் தீவிர சிகிச்சை, கமரன் நோயெதிர்ப்பு. இந்த மூவருமே இரத்தம் எடுக்கிறார்கள், ஆய்வுகூடத்தில் குந்தியிருக்கிறார்கள், எம்ஆர்ஐ ஓட்டுகிறார்கள், போதாததற்கு நோயாளியின் வீட்டுக்குள்ளும் களவாகப் புகுகிறார்கள். கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். அங்கே விளம்பரம் முடிய ரிப்போட் வந்துவிடும். தாதிமார் சுவரோரம் நடந்து போகிறவர்கள், அவ்வளவுதான். எந்த வாட்டிலும் இரவு இரண்டு மணிக்கு மூச்சு வேகம் கூடுவதை முதலில் காண்பவர் மிஸ்ஸி. தொடரில் நல்லது வெள்ளைப் பலகைதான். அறிகுறிகளை எழுதி, சாத்தியமான நோய்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வெட்டுவது மருத்துவ மாணவர் படிக்கிற அதே முறை.

கடுகடுப்பான டொக்டரை நினைத்துப் பார்க்க என்ன கஷ்டம்! நம்ப முடியாதது, நோயாளியைப் பார்க்காமலே நோயைப் பிடிக்கிற டொக்டர். நோயாளி பொய்தான் சொல்லுவான் என்பது ஹவுஸின் அடிப்படை. பெரும்போக வெட்டுக் காலத்தில் படுவான்கரை வயலிலிருந்து பாம்பு கடித்து வருகிறவரை எடுங்கள். பரியாரியிடம் இரண்டு மணித்தியாலம் இருந்ததையும், காலை இறுக்கிக் கட்டியிருந்ததையும் அவர் லேசில் சொல்ல மாட்டார். ஏச்சு விழும் என்ற பயம். ஏசுகிற டொக்டருக்கு அந்த இரண்டு மணித்தியாலம் தெரியவே வராது. ஹவுஸ் என்ற பாத்திரத்தில் எழுதியவர்கள் காணாமல் விட்ட ஓட்டை இது.

மட்டக்களப்பையோ அம்பாறையையோ வைத்து ஒரு ஆஸ்பத்திரித் தொடர் எடுத்தால், அடுத்த காட்சியும் அங்கேயே இருக்கிறது. பாம்பு கடித்தவருடைய நாளத்திலிருந்து ஏறக்குறைய 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு ஒருமுறை சரிப்பார்கள். அப்போதும் தண்ணீராக ஓடினால் இரத்தம் உறையவில்லை. கடித்தது, இரத்தத்தை உறையவிடாத விஷமுள்ள கண்ணாடிப் புடையன் பாம்பாக இருக்கலாம். பிளாஸ்டிக் குழாயிலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலோ சுகதேகியின் இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். இடையில் யாராவது அவசரப்பட்டுக் குலுக்கினாலும் கெட்டது. உறையவில்லை என்றால் 10 குப்பி விஷமுறிவு மருந்தை சேலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவார்கள். அந்த மருந்துக்கே உடம்பு ஒவ்வாமல் இரத்த அழுத்தம் விழலாம் என்பதால் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 6 மணித்தியாலத்தில் மறுபடி குழாய்.

இப்படியொன்றை எடுக்க யாராவது துணிந்தால், ஆலோசனைக்குப் பேராசிரியரைத் தேடிப் போவதற்கு முன் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை பார்த்த ஒரு மிஸ்ஸியைப் பிடியுங்கள். கண்ணாடிக் குழாய் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.