படுக்கையில் இருப்பவருக்கு யார் கை கழுவிவிடுவது?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் இருக்கிறார். வாஷ்பேசின் வரை நடக்க முடியாது. பக்கத்து மேஜையில் சானிடைசர் வைத்தேன், தொடுவதே இல்லை. வார்டுக்குள் வரும் ஒருவர், கையுறை, ஸ்பிரே, ஈரத்தாள் எல்லாம் சேர்ந்த ‘சுகாதார கிட்’ வாங்கச் சொல்கிறார். ஒருமுறை அடித்தால் 24 மணி நேரம் கிருமி அண்டாதாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எந்த ஸ்பிரே அடித்தாலும், அப்பா அடுத்த நிமிடம் கட்டில் கம்பியைப் பிடித்தால் அங்கிருப்பது கைக்கு வந்துவிடும். ‘24 மணி நேரம்’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ‘மூலிகை’, ‘நானோ’ என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்துச் சிறிய எழுத்தை. எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், குறைந்தது 60 சதவீதம் என்று இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். அப்படிப் போட்டிருந்தாலும் யார் தயாரித்தது என்றே தெரியாத பாட்டில் வேண்டாம். 2020-ல் எத்தனால் என்று லேபிள் ஒட்டிய பல சானிடைசர்களில் நச்சான மெத்தனால் இருந்ததைக் கண்டு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. முகர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வார்டில் நர்ஸுகள் பயன்படுத்தும் திரவத்தையே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, கொடுப்பது அவர்கள் கடமை.

உங்கள் சிக்கல் பொருளில் இல்லை, அது இருக்கும் இடத்திலும் கொடுக்கும் நேரத்திலும்தான் இருக்கிறது. எப்போதெல்லாம் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐந்து தருணங்கள்’ மருத்துவப் பணியாளர்களின் கைகளுக்காக எழுதப்பட்டவை. ஆண்டுதோறும் மே 5-ம் தேதி கைச் சுகாதார தினம் என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். சானிடைசர் டிஸ்பென்சரையோ வார்டு வாசலில், நிற்பவர் உயரத்தில் மாட்டியிருப்பார்கள். படுத்திருப்பவரும் கையால்தான் மாத்திரை போடுகிறார், கையால்தான் வாயைத் துடைக்கிறார் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும். ஆகவே, இப்போதைக்கு இது உங்கள் வேலை.

சாப்பாட்டுத் தட்டு வந்த பிறகு கை கழுவச் சொன்னால் நடக்காது. தட்டு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மாத்திரைக்கு முன், பெட்பேனோ சிறுநீர் பாட்டிலோ பயன்படுத்திய பின், இருமித் தும்மிய பின், எக்ஸ்ரேக்கோ நடைப்பயிற்சிக்கோ போய் வந்த பின் என்று பழக்குங்கள். சிறுநீர் பாட்டில் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்கள் அதைத் தாங்களே பிடித்து, தாங்களே எடுத்துக் கைக்கெட்டும் மேஜையில் வைப்பார்கள். அதே மேஜையில்தான் தண்ணீர் டம்ளரும், பல்செட்டும், மூக்குக்கண்ணாடியும் இருக்கும். பாட்டிலுக்குக் கட்டில் கம்பியில் ஒரு கொக்கி கேளுங்கள்.

சானிடைசரை அவர் தொடாததற்கு, அழுத்தித் திறக்கும் மூடியே காரணமாக இருக்கலாம். மூட்டுவலி உள்ள விரலுக்கு அது வராது. உள்ளங்கையால் அமுக்கும் பம்ப் பாட்டிலாக, அவருக்கு வசப்படும் கைப்பக்கம் வையுங்கள். நினைவு தடுமாறுபவர் என்றால் எட்டாத இடத்தில் வைத்து நீங்களே ஊற்ற வேண்டும், எடுத்துக் குடித்துவிடுவார்கள். தேய்க்கத் தேய்க்க 20 முதல் 30 விநாடி கை ஈரமாக இருக்க வேண்டும். பத்து விநாடியில் காய்ந்துவிட்டால் அளவு போதவில்லை. நடுவில் போர்வையில் துடைத்துக்கொண்டால் பாதி வேலை வீண். ஆக்சிஜன் போட்டிருந்தால், கை முழுக்கக் காய்ந்த பிறகே மாஸ்க்கைத் தொடட்டும். சானிடைசர் தீப்பிடிக்கும் திரவம்.

கையில் அழுக்கோ பிசுக்கோ தெரிந்தால் சானிடைசர் உதவாது, சோப்பும் தண்ணீரும்தான். பேசினில் தண்ணீர் நிரப்பி அதில் கையை அலசவிடுவதுதான் எங்கும் நடக்கும் தப்பு. அழுக்குத் தண்ணீரிலேயே கை ஊறும். காலி பேசினைக் கையின் கீழ் வைத்து, ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பாருங்கள், வயதானவர்களுக்குச் சூடு உறைப்பது குறைவு. தலைப்பக்கத்தை உயர்த்தி, மார்பில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கையை நனைத்து, திரவ சோப்பு ஓர் அமுக்கு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று தேய்த்துக் கழுவித் துடைக்க ஏறக்குறைய 40 முதல் 60 விநாடி ஆகும். கட்டைவிரலையும் நகநுனியையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புறங்கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் அந்த ஒட்டு நனையக்கூடாது. அந்தக் கையை மட்டும் சோப்பு நனைத்த துணியால் துடைத்து, வெறும் நீர் நனைத்த துணியால் எடுத்துவிடுங்கள். விரலிடுக்கை ஒற்றி உலர்த்துங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

இனி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் சானிடைசரை நம்பவே நம்பாதீர்கள். ஆன்டிபயாடிக் எடுக்கும் முதியவர்களுக்கு ‘சி டிஃப்’ என்ற குடல் கிருமி வரக்கூடும். அதன் வித்துகளுக்குக் கெட்டியான ஓடு உண்டு, ஆல்கஹால் அவற்றைக் கொல்லாது. 60 சதவீதம் என்ன, 90 சதவீதம் என்ன, எல்லாம் ஒன்றுதான். தேய்க்கும்போது வித்துகள் கையில் பரவத்தான் செய்யும். சோப்பும் அவற்றைக் கொல்வதில்லை, ஆனால் தேய்த்து ஊற்றும் தண்ணீரோடு அவை கையை விட்டுப் போகும். ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மலமிளக்கியால்கூட அப்படி ஆகலாம். எதனால் என்று தெரியும்வரை, சாப்பாட்டுக்கு முன் உட்பட ஒவ்வொரு முறையும் சோப்புதான். அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும், பார்க்க வருபவர்களுக்கும்.

கையுறையை அப்பாவுக்கு மாட்டிவிட வேண்டாம். அதுவும் கட்டில் கம்பியைத் தொடும், வாயைத் தொடும், உள்ளே கை வேர்த்து ஊறும். கிட்டை ஏற்கனவே வாங்கியிருந்தால், பெட்பேன் எடுக்கும்போது நீங்கள் போட்டுக்கொள்ள அந்தக் கையுறைகள் ஆகும். கழற்றியதும் நீங்களும் கை கழுவ வேண்டும்.