கரி கடிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஸ்காண்டிநேவிய இயல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் ஆண்டு. ஆய்வு மாணவர்கள் மொத்தம் ஆறு பேர். நான் ஐஸ்லாந்தின் சாகாக்களை, அதாவது அந்நாட்டின் பழைய உரைநடைக் கதைகளை, ஆராய்கிறேன். மற்றவர்கள் நார்வே நாடகாசிரியர் இப்சன், ஸ்வீடனின் குடியேற்றக் கொள்கை, ஸ்காண்டிநேவியாவின் வடக்கே வாழும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களின் சினிமா என்று ஆளுக்கொரு திசை. சென்ற ஆண்டு ஒரு மன்றம் தொடங்கினோம். தலைவர், செயலாளர், இலச்சினை எல்லாம் உண்டு. மாதம் ஒருவர் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டே பேர் வந்தோம். நீங்களும் இதே துறையில் படித்தவர் என்பதால் கேட்கிறேன், எங்கே தவறினோம்?

ம.

அன்புள்ள ம.,

இலச்சினை வரைந்த அன்றே மன்றத்துக்குப் பாதி உயிர் போயிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒன்று வரைந்திருக்கிறேன். டிராகன் தலை வைத்த படகு.

ஆய்வேடு தனியாகச் சுமக்கிற சுமை. அதைப் பற்றி ஒருவர் நாற்பது நிமிடம் பேசினால் மற்ற ஐவரும் தலையாட்டலாம், வேறென்ன செய்ய? அடுத்த மாதம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். ஆய்வை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு நூலை எடுத்து, மூல மொழியில், சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள்.

1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீன், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதியவர், இப்படி ஒரு குழுவைத் தொடங்கினார். பெயர் கோல்பீட்டர், அதாவது கரி கடிப்பவர்கள். குளிருக்குப் பயந்து, கரியைக் கடித்துவிடும் அளவுக்கு அடுப்பை ஒட்டியே கிடக்கும் சோம்பேறிகளை ஐஸ்லாந்துக்காரர்கள் இப்படித்தான் ஏசினார்கள். வந்தவர்கள் மாணவர்கள் அல்லர், பல்கலைக்கழக ஆசிரியர்கள். சுற்றி உட்கார்ந்து, முறை வைத்து, சாகாக்களை மொழிபெயர்ப்பார்கள். டோல்கீன் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போவார். புதிதாகச் சேர்ந்த சி. எஸ். லூயிஸ், பின்னாளில் ‘நார்னியா’ கதைகளை எழுதியவர், அகராதியோடு மல்லுக்கட்டி ஒரு பத்தி தேற்றுவார். ஆங்கிலத் துறையில் அப்போது பாடத்திட்டத்தை முன்னிட்டு மொழிக்காரர்களுக்கும் இலக்கியக்காரர்களுக்கும் இழுபறி. டோல்கீன் மொழிப் பக்கம், லூயிஸ் முதலில் எதிர் அணி. ஆனால் வாராவாரம் உங்கள் முன்னால் ஒரு வாக்கியத்தில் சிக்கித் திணறுகிற ஆளை எத்தனை நாள் எதிரியாகவே நினைத்துக்கொண்டிருக்க முடியும்? 1931இல் டோல்கீன் விரும்பிய மாற்றங்கள் நிறைவேறியபோது லூயிஸ் அவர் பக்கம் இருந்தார்.

உங்கள் குழுவில் சாகா தெரிந்தவர் நீங்கள். எனவே டோல்கீன் போல முழங்காதீர்கள். உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியிலும் நடுவில் ஏதாவது வாசியுங்கள், ஆண்டர்சன் கதை ஒன்றை டேனிஷில். நீங்கள் திணறுவதையும் மற்றவர்கள் பார்க்கட்டும்.

(டோல்கீன் அதற்கு முன் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு நடத்திய வைக்கிங் கிளப்பில் பீரும் பாட்டும் உண்டு. 1902இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டமோ மதுவிலக்கு இயக்கத்துக்குள் பிறந்தது. இரண்டிலும் வேலை நடந்தது.)

எங்கள் குழு வியாழக்கிழமை கூடியது. ஸ்வீடனில் வியாழன் என்றால் பட்டாணி சூப். நான் வைத்தபோது சீரகம் தாளித்துவிட்டேன். ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கை ஆராய்ந்த ஒருவர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு நாள் ‘ஹெய்ம்ஸ்க்ர்’ என்ற பழைய ஐஸ்லாந்துச் சொல்லில் மாட்டிக்கொண்டோம். அகராதி ‘மூடன்’ என்கிறது. வேர் ‘ஹெய்ம்’, வீடு. வீட்டை விட்டு வெளியே போகாதவன் மூடன். நம் கிணற்றுத் தவளை! அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அவர் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஸ்வீடன்காரர்களின் கடிதங்களை ஆராய்ந்தவர். ஊரை விட்டுப் போனவனைக் குறை சொல்லும் கடிதங்களாகப் படித்துக்கொண்டிருந்தாராம். இங்கே போகாதவனைத் திட்டுகிறார்கள். இரவு பதினொன்றாகியும் நாங்கள் இரண்டு வரி தாண்டவில்லை.

ஒரு தவறும் செய்தோம். வாசிப்பு முடிந்ததும் பேச்சு ஸ்வீடிஷிலும் நார்வீஜியனிலும் வழுக்கிக்கொண்டு போகும். அவரவர் மொழியில் பேசினாலும் புரியும் என்பது இந்தத் துறைக்காரர்களின் பெருமை. எங்களில் ஒரு தோழி ஃபின்னிஷ் மட்டும் கற்றவள். ஃபின்னிஷ் அந்தக் குடும்பத்து மொழியே அல்ல. நான்கு வாரம் அவள்தான் எல்லாக் கோப்பைகளையும் கழுவினாள். எவ்வளவு நல்ல குணம் என்று நினைத்தேன். ஐந்தாம் வாரம் வரவில்லை. கேட்டதற்கு, “கழுவும்போது மட்டும்தான் எனக்கு அங்கே வேலை இருந்தது” என்றாள். பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றினோம். கோப்பைகளுக்கு முறை வைத்தோம். அவள் திரும்பி வர இரண்டு மாதமாயிற்று.

ஆய்வு வழிகாட்டிகளான பேராசிரியர்களை அழைக்காதீர்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் எதிரில் யாரும் தப்பாக மொழிபெயர்க்கத் துணிய மாட்டார்கள். ஸ்வீடனில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். காபி வேளையில், ஏலக்காய் பன்னோடு, பேராசிரியரும் அவரும் ஒரே மேசையில் உட்கார்வது அங்கே வழக்கம். உங்களுக்கு அந்த மேசை கிடையாது.

இன்னொன்று, எவரும் சொல்லத் தயங்குவது. நாளை ஒரே உத்தியோகத்துக்கு நீங்கள் ஆறு பேரும் விண்ணப்பிக்கலாம். துறை அவ்வளவு சிறியது. அதை மறைத்துக்கொண்டு நட்பு பாராட்டினால் முதல் நேர்காணல் அழைப்போடு முறிந்துவிடும். யார் எதற்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று மேசையிலேயே சொல்லிவிடுங்கள். 1911 முதல் இயங்கும் ஸ்காண்டிநேவிய ஆய்வு மேம்பாட்டுச் சங்கத்தின் மாநாட்டுக்கு ஒரே காரில் போங்கள். பெட்ரோலாவது மிச்சம்.

சோயேகாவின் பழைய ஐஸ்லாந்து அகராதி, 1910இல் வந்ததன் மறுபதிப்பு, என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. முகவரி எழுதினால் ஒன்றை அனுப்புகிறேன். ‘ஹெய்ம்’ பக்கத்தில் சூப் கொட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.