குமிழி நெபுலா என்றால் என்ன? நட்சத்திரம் குமிழி ஊதுமா?

ஊதும். நெபுலா என்பது விண்வெளியில் மிதக்கும் வாயுவும் தூசும் கலந்த மேகம். காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1787இல் கண்டுபிடித்த குமிழி நெபுலா, பார்க்க அச்சு அசல் சோப்புக் குமிழிதான். குறுக்களவு மட்டும் சுமார் 7 ஒளியாண்டு!

ஊதுவது உள்ளே இருக்கும் நீல நிற ராட்சத நட்சத்திரம். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி. இதற்கோ 30,000க்கும் மேல். அத்தனை ஒளி வெளியே பாயும்போது மேலடுக்கு வாயுவையும் தள்ளிக்கொண்டு போகிறது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான அந்தக் காற்று, சுற்றியுள்ள வாயுவை ஓரமாக ஒதுக்குகிறது. நட்சத்திரத்தின் புற ஊதாக்கதிர் பட்டு அந்த ஓரம் ஒளிர்கிறது.

குழாயைத் திறந்து, கீழே கவிழ்த்து வைத்த தட்டைப் பாருங்கள். தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டம், அப்புறம் சட்டென்று ஒரு வரம்பு மேடு. ஏறக்குறைய அதே கதைதான்.

சரி, நட்சத்திரம் ஏன் நட்டநடுவில் இல்லை? ஒரு பக்கம் வாயு அடர்த்தி அதிகம். அந்தப் பக்கம் குமிழி அவ்வளவாக விரியவில்லை.

இதை வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். நட்சத்திரம் இன்னும் வெடிக்கவில்லை, உயிரோடுதான் ஊதிக்கொண்டிருக்கிறது.