திருகோணமலையில் சித்த மருத்துவ பீடம், விஞ்ஞானத் துறைகள், வைத்தியசாலை மருத்துவர்கள் மூன்று தரப்பும் சேர்ந்து பயன்படுத்தும் மருத்துவ ஆய்வுகூடம் கட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கருவிப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இடத்தைப் பீடவாரியாகப் பிரிக்காமல் வேலைவாரியாகப் பிரிப்பதுதான் முதல் முடிவு. "இது எங்கள் அறை" என்று பூட்டு விழுந்த ஆய்வுகூடத்தில் கூட்டு ஆய்வு நடக்காது. மாதிரி வாங்கும் இடம், செல் வளர்ப்பு, பிசிஆர் (டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனை), இரசாயனப் பகுப்பாய்வு என்று பிரித்தால் யாரும் எங்கும் வேலை செய்யலாம்.

அடுத்தது காற்று. இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. கிருமி, செல் வேலைகளைச் செய்யும் இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டி, முன்வாயால் விநாடிக்கு ஏறத்தாழ 0.5 மீற்றர் வேகத்தில் உள்ளிழுக்கும் காற்றை நம்பித்தான் உங்களைக் காக்கிறது. சுவர் ஏசி அதைவிட வேகமாக அடிக்கும். ஏசிக்கு நேரெதிரே பெட்டியை வைத்தால் உள்ளே இருக்கும் கிருமி உங்கள் முகத்துக்கு வரும், வெளித்தூசு உங்கள் செல்லுக்குப் போகும். கதவு, நடைபாதை, ஏசி மூன்றிலிருந்தும் விலகிய மூலையே அதற்குரிய இடம். பொருத்திய பிறகு ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, முன்வாய் ஓரமாகப் புகை காட்டிப் பாருங்கள். புகை முழுவதும் உள்ளே போகவேண்டும். ஒரு இழை வெளியே சுருண்டாலும் இடத்தை மாற்றுங்கள். இன்னொன்று: சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றவிடும், புதுக்காற்றைக் கொண்டுவராது. மணிக்கு 6 முதல் 12 தடவை காற்று மாறத் தனி ஏற்பாடு வேண்டும்.

பிசிஆருக்கு மூன்று சிறிய அறைகள்: கலவை தயாரிக்க, மாதிரியிலிருந்து டிஎன்ஏ பிரிக்க, பெருக்க. ஆளும் பொருளும் இந்த வரிசையில் மட்டுமே போகவேண்டும், திரும்பக்கூடாது. பெருக்கிய குழாயைத் திறந்த கையோடு கலவை அறைக்குப் போனால் அடுத்த வாரம் வெற்று மாதிரியும் பொசிட்டிவ் காட்டும். ஒவ்வொரு அறைக்கும் தனிப் பிப்பெட், தனி மேலங்கி.

பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துப் பொடிகளில் பாதரசம், ஈயம் அளக்க நைத்திரிக் போன்ற வலுவான அமிலங்களில் கரைக்கவேண்டிவரும். அதைச் செய்யும் புகைக் கூண்டின் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் பெட்டி) உட்புறம் துருப்பிடிக்காத உருக்காக இல்லாமல் பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். மூலிகைச் சாறு எடுக்கும் மெதனோல், எதனோல் வேலைக்கு வேறொரு கூண்டு. நைத்திரிக் அமிலமும் மெதனோல் போன்ற கரிமக் கரைப்பானும் கலந்தால் வெடிக்கலாம். கழிவுப் போத்தலும் வேறு வேறாகவே இருக்கவேண்டும்.

தளபாடத்தில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையைத் தொடாதீர்கள். ஒரு மாரி போதும், ஓரம் ஊதி லமினேற் கழன்றுவிடும். மேசைமேல் பீனோலிக் அல்லது எபொக்சி ரெசின், கீழே பவுடர் கோட்டிங் செய்த சட்டம். கடற்காற்று படும் உலோகத்துக்கு 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கு போதாது, மொலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள். நின்று வேலை செய்ய 90 சென்ரிமீற்றர் உயரம், உட்கார 75. முதுகுக்கு முதுகு நிற்பவர்களுக்கு இடையில் 1.5 மீற்றர். நடு மேசைகளுக்கு பிரேக் உள்ள சில்லு வைத்து, மின்சாரத்தை மேலிருந்து இறக்கினால் ஆய்வு மாறும்போது சுவரை உடைக்கத் தேவையில்லை.

மைனஸ் 80 உறைபெட்டிக்குத் தனி மின்சுற்றும் ஏசி அறையும் வேண்டும். பெரும்பாலானவை சுற்றுச்சூழல் 32 பாகை செல்சியசைத் தாண்டினால் திணறும். இங்கே கச்சான் காற்று வீசும் காலத்துப் பகல் அதை எளிதாகத் தாண்டும். வெப்பம் வெளியேற நாலாபுறமும் இடம் விடுங்கள், வடிகட்டியை மாதந்தோறும் கழுவுங்கள். கரண்ட் போனால் பூட்டிய பெட்டி சில மணி நேரம் தாங்கும், ஆகவே ஜெனரேட்டர் போதும். யூபிஎஸ் தேவைப்படுவது பிசிஆர் போன்ற பாதியில் நிற்கக்கூடாத கருவிகளுக்கே. ஜெனரேட்டர் எழும்பியதும் எல்லாப் பெட்டியும் ஒன்றாக இழுத்தால் அது மூச்சுத்திணறும். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தாமதத்தை வெவ்வேறாக வையுங்கள்.

கிணற்று நீரின் உப்பையும் வன்மையையும் அளக்காமல் ஓட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இணைப்புக் கொடுக்கவேண்டாம். ஆர்ஓ (உப்பு வடிகட்டிய) நீர் ஊற்றினால் சூடாக்கும் சுருளில் சுண்ணாம்பு படியாது.