சிறுகதையைத் தொட்டுப் படிப்பது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. சிறுகதையில் வரும் குறியீடுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். இருட்டு என்றால் அறியாமை, மழை என்றால் வளம், விடியல் என்றால் நம்பிக்கை என்று போகிறது. இதை மனப்பாடம் செய்தால் போதுமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: போதாது. அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு கு.ப.ராஜகோபாலனின் 'விடியுமா?' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி வருகிறது. 'சிவராமையர் டேஞ்சரஸ்' என்று இரண்டே வார்த்தை. அவர் மனைவி குஞ்சம்மாளும் அவள் தம்பியும் இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். உயிரோடு இருப்பாரா, மாட்டாரா என்று தெரியாமலே ராத்திரியைக் கழிக்கிறார்கள். பொழுது விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அவர் இறந்துவிட்டார்.

இப்போது உங்கள் பட்டியலை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒட்டவே ஒட்டாது. விடியாமல் இருந்தவரைதான் இவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அந்த இருட்டுதான் சிவராமையரை உயிரோடு வைத்திருந்தது. சரி, அப்படியானால் விடியல் என்றால் சாவு என்று தலைகீழாக எழுதிவிடலாமா? அதுவும் முடியாது. செய்தி உறுதியானதும் துக்கம் மட்டும் வரவில்லை, இரவெல்லாம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயமும் இறங்கிவிடுகிறது. நிச்சயம் இல்லாத நிலை முடிந்துவிட்டது. அந்த வகையில் அவர்களுக்கு விடிந்தும்தான் விட்டது. தலைப்பில் இருக்கும் அந்தக் கேள்விக்குறிக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கதை இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

இதைப் பார்த்தவர் தேர்வுத்தாளில் 'கதையின் கரு மரணம்' என்று எழுத மாட்டார். மரணம் ஆயிரம் கதைகளில் இருக்கிறது. 'கெட்ட செய்தியைவிட, செய்தி தெரியாத நேரம் கொடுமையானது' என்று ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். கருவை ஒரே சொல்லில் எழுதினால் அது வேறு எந்தக் கதைக்கும் பொருந்திவிடும். என்னிடம் படித்தவர்களுக்கு நான் வைத்த முதல் நிபந்தனையே அதுதான்: கருவை எழுதினால் எழுவாயும் பயனிலையும் இருக்க வேண்டும்.

கேள்வி: தி.ஜானகிராமனின் 'பாயசம்' கதையில் சாமநாது எப்படிப்பட்டவர்? பொறாமைக்காரர், வில்லன் என்று எழுதினால் சரியா? என் மகள் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.
– இல்லத்தரசி, திருவாரூர்

பதில்: மகள் எழுதியது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் சாமநாது கையை விட்டுப் போய்விடுவார்.

கதை படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமநாது எழுபதைத் தாண்டியவர். அவர் அண்ணன் பிள்ளை சுப்பராயன் பணம், பெயர், குடும்பம் எல்லாவற்றிலும் ஓங்கி நிற்கிறவர். சுப்பராயன் வீட்டுக் கல்யாணம். ஆள் இல்லாத நேரம் பார்த்து சாமநாது பாயசத் தவலையைச் சாய்த்துக் கொட்டிவிடுகிறார். எலி விழுந்துவிட்டது என்று சத்தம் போடுகிறார்.

முதல் காட்சியை மகளை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அரசமரத்தடியில் பிள்ளையார் முன்னால் நிற்கிறார் சாமநாது. தோப்புக்கரணம் என்று பேருக்குக் காதைப் பிடித்துக்கொண்டு உடம்பை லேசாக அசைக்கிறார். உடனே மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறது. உனக்கு இருக்கும் பலம் யாருக்கு இருக்கு, நீ என்ன சுப்பராயன் மாதிரி நோயாளியா, நன்றாக உட்கார்ந்து எழுந்துதான் போடேன் என்று இடிக்கிறது. இது ஏதோ கிழவரின் உடம்பைப் பற்றிய வர்ணனை என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒருமுறை வகுப்பில் இந்தக் கதையை நடத்தும்போது, கல்யாணச் சமையல் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், கல்யாணத் தவலையை நிறைய பாயசத்தோட ஒரே ஆளால சாய்க்க முடியாது. எங்க வீட்ல காதுல கம்பு கொடுத்து நாலு பேர் சேர்ந்துதான் நகத்துவாங்க" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளையாருக்கு முன்னால் மடங்காத அந்த முழங்காலும், சாமிக்குச் செலவழிக்காமல் மிச்சம் வைத்த அந்த பலமும்தான் தவலையிடம் வந்து சேர்கின்றன. பாத்திரப் படைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு குணத்தைச் சொல்லிவிட்டுப் போவதல்ல. அந்தக் குணம் எந்த உடம்பில், எந்தக் கையில் குடியிருக்கிறது என்று காட்டுவது.

இன்னொன்றையும் மகள் கவனிக்கட்டும். செத்துப்போன மனைவி வாலாம்பாளின் நினைவு அவரை விடுவதில்லை. பக்கத்தில் விதவையான மகள். தன் வீட்டில் இத்தனை இழப்பு, சுப்பராயன் வீட்டில் இத்தனை நிறைவு என்று அந்த மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அது அவர் செய்ததை நியாயம் ஆக்கிவிடாது. ஆனால் வில்லன் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு துக்கத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் ஊரே எலிக்கதையை நம்பும்போது, அந்த மகளின் பார்வையை மட்டும் அவரால் எதிர்கொள்ள முடிவதில்லை. அவரைப் பற்றிய தீர்ப்பை ஜானகிராமன் எழுதாமல், அவள் கண்ணிடம் விட்டுவிட்டார்.

ஏன் சாம்பாராக இல்லாமல் பாயசமாக இருக்கிறது என்றும் உங்கள் மகளிடம் கேளுங்கள். சாம்பார் கொட்டிப்போனால் பந்தி கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இலையில் பாயசம் விழவில்லை என்றால் அது கல்யாணச் சாப்பாடே இல்லை. அவர் குறிவைத்தது பசியை அல்ல, மங்கலத்தை. குறியீடு என்று தனியாகத் தேடவே வேண்டாம், நம் வீட்டு வழக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: கதையில் வரும் ஆரஞ்சு, குடை, செருப்பு எல்லாவற்றையும் குறியீடு என்கிறார்கள். படிக்கவே சலிப்பாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில் ரயிலில் போகும் சின்னப் பையன் கையில் ஒரு ஆரஞ்சு. அதே பெட்டியில், கல்கத்தாவில் யார் வீட்டிலோ வேலை செய்யப் போகும் ஒரு சிறுமி. பையன் ஆசையாகப் பத்திரப்படுத்திய பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். ஆரஞ்சு தியாகத்தின் குறியீடு என்று எழுதியவுடன் அந்தப் பழம் காய்ந்துபோய்விடுகிறது. அது சாப்பிடுகிற பழம். இவனுக்கும் சாப்பிட ஆசை. அந்த ஆசை உண்மையாக இருப்பதால்தான் கொடுப்பது பெரிதாகிறது. முதலில் பழமாகப் பாருங்கள். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவும் தோன்றாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடலாம்.

கேள்வி: புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையின் கடைசியில் ஆசிரியரே நேராகப் பேசுகிறாரே. அது குறையா? வகுப்பில் நடத்தலாம் என்றால் புத்தகமும் கிடைக்கவில்லை.
– தமிழாசிரியர், மதுரை

பதில்: 'கற்பு கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா பொன்னகரம்!' என்ற வரிகளைத்தான் கேட்கிறீர்கள். 1934-ல் 'மணிக்கொடி' பத்திரிகையில் வந்த கதை. அந்தக் கோபம் அன்றைக்குத் தேவைப்பட்டது, இன்றும் சுடுகிறது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். அந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் படியுங்கள். ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டும் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சி கேட்கிறான். அவன் மனைவி அம்மாளு ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போய்விட்டு வருகிறாள். முக்கால் ரூபாய். அந்தத் தொகையைப் புதுமைப்பித்தன் பைசா சுத்தமாகச் சொல்லியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'கொஞ்சம் பணம்' என்று எழுதியிருந்தால் நாம் அனுதாபப்பட்டிருப்போம். முக்கால் ரூபாய் என்றதும் கஞ்சியின் விலையை நாமே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். கடைசி வரிகள் நம்மை அதட்டுகின்றன. முக்கால் ரூபாய் என்ற வரி நம்மையும் அந்தச் சந்துக்குள் நிறுத்திவிடுகிறது. மாணவர்களுக்கு எது அதிகம் உறைக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். பிரிய விடுங்கள்.

புத்தகம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. வகுப்புக்கு எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம்.